இடது முன் சக்கரம்

அக்டோபர் 7, செவ்வாய்

டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் ஃப்ளாரன்ஸ் சிஸ்டர் இந்த டைரியைக் கொடுத்தார். ஏதோ மருந்துக் கம்பெனி போட்டது. வருடம் முடியப் போகிறது, ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. தினமும் காலையில் என் வீட்டுக்காரருடைய எடை, குடித்த தண்ணீர், கால் வீக்கம் மூன்றையும் குறித்துவைக்கச் சொன்னார். அதைக் கடைசிப் பக்கங்களில் எழுதிக் காட்டிக்கொள்ளலாம். முன்பக்கங்கள் வீணாகப் போவானேன் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வேண்டிய விஷயம் இன்றைக்கே வந்துவிட்டது. திரும்பி மலை ஏறும்போது, எங்கள் ஜீப்பை ஓட்டும் தங்கமாயன் இந்த வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்வதாகச் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு எஸ்டேட்டில் டிரைவர் வேலை, குடியிருக்க வீடும் தருகிறார்களாம். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நல்லதுடா, போ. இந்த ஜீப்பக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு அழுவ" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கரடிப்பாறைக்குத் தார் ரோடு கிடையாது. ஊரிலிருந்து கல் ரோட்டில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிரே செம்மண் ஏற்றம் ஏறி, மறுபடி இறங்கினால்தான் தார் ரோடு. ஜீப் தவிர எதுவும் வராது. ஊரில் இருக்கும் இன்னொரு ஜீப் எஞ்சினைக் கழற்றிப் போட்டபடி கீழே போடியில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. இந்த ரோட்டில் ஏலக்காய் மூட்டையும் ஆளும் ஏற்றி இறக்குவதுதான் இவருடைய பிழைப்பாக இருந்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு ஜீப்பைத் தங்கமாயன் கையில் கொடுத்தோம். செவ்வாயும் வெள்ளியும் இவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான், மற்ற நாளெல்லாம் அவன் பாடு. அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 8, புதன்

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்த்தேன். பக்கத்து வீட்டு ஈஸ்வரி மகன் நன்றாக ஏறியிருக்கிறான். அங்கே எடை கூடினால் எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து இவரை எடை மெஷினில் நிறுத்தினால், கூடியிருக்கிறதே என்று இறக்கி மறுபடி நிறுத்திப் பார்க்கிறேன். கூடுவதெல்லாம் வெளியே போகாத தண்ணீர்.

மகள் சுகன்யா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். ஒற்றை அறை வீட்டில் அவளும் மாப்பிள்ளையும் மாமியாரும். இவர் போனை வாங்கி, "மழ முடியட்டும் தாயி, பாப்போம்" என்றார். கீழே அறை எடுத்துத் தங்கினால் என் அங்கன்வாடி வேலை போய்விடும். அந்த வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

மாலையில் நான்தான் சொன்னேன், நானே ஓட்டுகிறேன் என்று. மகளிர் குழு மூலமாகப் பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவைத்திருக்கிறேன். அது சின்னக் கார், சமதள ரோடு. இவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துவிட்டு, "காலைல சீக்கிரம் எந்திரி மணி" என்றார். போதுமணி என்ற முழுப்பெயரைச் சொல்லி இவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஜீப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தார். கியர் கம்பிக்கு அருகில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கிறது. அதுதான் ஃபோர் வீல். சாதாரணமாக எஞ்சின் பின் சக்கரங்களை மட்டும் தள்ளும். இந்தக் கம்பியைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அதிலேயே ஹை என்றும் லோ என்றும் இரண்டு. வெறும் சேற்றுக்கு ஹை போதும். ஓடைக்கும் செங்குத்தான ஏற்ற இறக்கத்துக்கும் லோ. லோ போட வண்டி அசையாமல் நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்சை அடிவரைக்கும் மிதிக்க வேண்டும். விழவில்லை என்றால் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. வண்டியை ஒரு முழம் முன்னே உருட்டிவிட்டு மறுபடி போட்டால் தானாக விழும்.

அதற்கெல்லாம் முன்னால் இறங்கிப்போய், முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ஒரு ஓரத்தில் லாக், மறு ஓரத்தில் ஃப்ரீ. எழுத்து தேய்ந்து போய் விரலால் தடவினால்தான் தெரிகிறது. என் கைக்கு அது அசையவே இல்லை. ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகச் சொன்னார். திரும்பியது.

"ஹப்பப் பூட்டாம கம்பிய மட்டும் போட்டீன்னா உள்ள தண்டு சுத்தும், சக்கரம் சும்மா உருளும். ஒரு பக்கம் ஃப்ரீயில கெடந்தாலே போச்சு. பலமெல்லாம் அந்தப் பக்கமே ஓடிரும், மத்த சக்கரமும் இழுக்காது. ரெண்டையும் பூட்டணும்."

திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கல் ரோட்டில் கொஞ்ச தூரம் இறக்கி ஏற்றினேன். எஞ்சின் பல தடவை நின்றுபோனது. திட்டவில்லை. இவருக்குக் கோபம் வராமல் இருப்பதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

நான் ஓட்டினேன். தங்கமாயன் பின்னால் உட்கார்ந்து வந்தான். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். ஏற்றத்தில் லோவில் ஃபர்ஸ்ட் கியரைப் போட்டுவிட்டு, பயத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். சக்கரம் சுழன்று சேற்றை வாரி அடித்தது. "மிதிக்காத. அதுவா ஏறும், நீ திருப்புனா மட்டும் போதும்" என்றார். காலை எடுத்தேன். நிஜமாகவே எருமை மாதிரி தானாக ஏறியது.

தார் ரோட்டில் ஏறி வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. ஃபோர் வீலை எடுக்க மறந்திருக்கிறேன். கெட்டியான ரோட்டில் அதைப் போட்டபடி ஓட்டினால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உள்ளே முறுக்கிக்கொள்ளுமாம், கம்பியும் வெளியே வராது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். முறுக்கு விட்டது, கம்பி வந்தது.

தங்கமாயன் போடியில் இறங்கிக்கொண்டான். இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

நாங்கள் இருவர் மட்டும் போய்வந்துவிட்டோம். தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் வலிக்கிறது.

ஆஸ்பத்திரியில் பக்கத்து மெஷினில் எப்போதும் இருக்கும் உத்தமபாளையத்துக்காரர் இன்று வரவில்லை. அந்தக் கட்டிலில் புதிதாக ஒரு சின்ன வயதுக்காரர். இவர் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு போய்ப் படுத்தார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாக இவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெஷினில் ரத்தம் ஓடும்போது மயக்கமாக இருக்கும் என்பார், அதனால் இருக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று போக முடியவில்லை. என்னால்தான்.

ஓடைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் பூட்டி, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க இறங்கிப்போனேன். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. நான் திரும்பும்போது இவரும் இறங்கி நின்றார். ஒண்ணுக்குப் போக இறங்கினேன் என்றார். ஓடையைத் தாண்டிவிட்டோம். ஏற்றத்தில் பாதிகூட ஏறவில்லை. பின் சக்கரங்கள் அதே இடத்தில் சுழன்று குழி பறித்தன. முன்னால் இழுக்கவே இல்லை. பின்னால் விட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதேதான். மழை வலுத்தது. இவர் என் தோளில் கை வைத்து, "விட்ரு மணி. இன்னைக்கு இது விடாது. ஓட பெருகுனா வீட்டுப் பக்கமும் திரும்ப முடியாது" என்றார். திரும்பிவிட்டேன். எங்கள் பக்கம் கல் ரோடு, அதனால் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவும்போது பார்க்கிறேன், இடது பக்கத்து ஹப் ஃப்ரீயில் இருக்கிறது. பூட்டியதாகத்தான் ஞாபகம். அவசரத்தில் திருகியது திரும்பாமலே இருந்திருக்க வேண்டும். என் கையில் பலம் போதவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு டயாலிசிஸ் போய்விட்டது.

இவர் வந்து, "அழாத, பழகிரும்" என்றார்.

அக்டோபர் 18, சனி

கால் இரண்டும் அமுக்கினால் குழி விழுகிறது. படுத்தால் இருமல். தலையணையை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்திருக்கிறேன். ஆனால் ஆள் தெளிவாக இருக்கிறார். சுகன்யாவுக்கு அவராகவே போன் செய்து நெடுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கியர் பாக்ஸ் ஆயில் எப்படிப் பார்ப்பது, ஜீப்பை விற்பதானால் யாரிடம் கேட்க வேண்டும், எந்த விலைக்குக் கீழே விடக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எதற்கு விற்பது என்று கேட்டேன். சும்மா தெரிஞ்சு வச்சுக்க என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழையில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. ஈஸ்வரி வீட்டிலிருந்து முறுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் இவர் மூன்று பழத்தை உரித்துத் தின்றிருக்கிறார். பழம் கூடவே கூடாது, இதயம் நின்றுவிடும் என்று சிஸ்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஆசையாக இருந்தது என்கிறார். இத்தனை வருடத்தில் வாழைப்பழத்துக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

போய்விட்டோம். பின்னால் ஈஸ்வரியும் அவள் மாமியாரும் ஏறிக்கொண்டார்கள். ஓடைக்கு முன்னால் இரண்டு ஹப்பையும் இருந்த பலமெல்லாம் கொடுத்துப் பூட்டினேன். இவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஏற்றத்தில் ஒரு சறுக்கல்கூட இல்லை.

சிஸ்டர் எடையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். ஓடை பெருகிவிட்டது என்று சொன்னேன். வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் கிளம்பும்போதே இவருக்கு மூச்சு வாங்கியது. நல்ல மழை. ஓடை முழங்காலுக்கு மேல். இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டினேன், விரலால் தடவி லாக்கில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். பிறகு குடையோடு போய்த் தண்ணீரில் நின்று, கல் எதுவும் புரண்டு கிடக்கிறதா என்று காலால் துழாவினேன். திரும்பினால் இவர் இடது பக்கம் இறங்கி, சக்கரத்துக்கு அருகில் குனிந்து நிற்கிறார். என்ன என்றேன். "ஒண்ணுக்கு" என்றார்.

லோ போட்டு ஓடையைத் தாண்டினேன். ஏற்றத்தில் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றது. பின்பக்கம் சுழல்கிறது, முன்பக்கம் செத்துக் கிடக்கிறது. "விட்ரு மணி" என்று ஆரம்பித்தார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். வலது பக்கம் லாக். இடது பக்கம் போனேன். ஃப்ரீ.

அப்போதுதான் உறைத்தது. இவருக்குச் சிறுநீர் நின்றுபோய் எத்தனையோ மாதம் ஆகிறது. ஒண்ணுக்குப் போக எதற்கு இறங்க வேண்டும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கத்தவில்லை. அவர் பக்கம் போய் நின்று, அன்றைக்கும் நீங்கள்தானா என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டினார். மூச்சு இரைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் அங்க உள்ள கெடக்குறப்ப நீ அந்த பெஞ்சுல உக்காந்திருக்க. என் ரத்தத்தோட சேந்து உன் ஆயுசும் அந்த மிஷின்ல ஓடுது மணி. வேணாம்னு சொன்னா நீ விடமாட்ட. இப்படின்னா, மழ மேல பழிய போட்டுட்டுப் போயிருவேன்."

"மழ மேலயா பழி? என் கை மேல" என்றேன். "ஹப்பப் பூட்டத் தெரியலன்னு அடுப்படியில ஒக்காந்து அழுதேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. பழகிரும்னு சொன்னீங்க. நீங்க போனதுக்கப்புறம் எங்காலம் பூரா, நாந்தான் சரியாப் பூட்டாமக் கொன்னுட்டேன்னு இருந்திருப்பேனே. அத நெனச்சீங்களா?"

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதை அவர் நினைத்திருக்கவில்லை. நிஜமாகவே நினைத்திருக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்து அடைத்துக்கொண்டது. குனிந்து இருமியவருக்கு நிமிர முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

முந்தானையைச் சுற்றிப் பிடித்து ஹப்பைத் திருகினேன். கொஞ்ச தூரம் பின்னால் விட்டு, குழியைத் தவிர்த்து, லோ ஃபர்ஸ்டில் ஏற்றினேன். ஏறியது.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் முறை போய்விட்டது. சிஸ்டர் திட்ட ஆரம்பித்து, இவர் மூச்சைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். உடனே ஆக்சிஜன் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

மூச்சு சீராகிவிட்டது. நாளைக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. நிறைய பேர் இப்படி இருக்கிறார்கள், வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் பழம் சாப்பிடுவார்கள், இளநீர் குடிப்பார்கள் என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். இவருக்கு அருகில் ஸ்டூல் போட்டு வெகுநேரம் பேசினார்.

சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது நான் சொன்னேன்: "இனி ஒவ்வொரு தடவையும் கேப்பேன், போவமா வேணாமான்னு. நீங்க வாயால சொல்லணும். வேணாம்னா நான் வண்டிய எடுக்கல. ஆனா என்னய ஏமாத்தாதீங்க."

கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு, "சரி" என்றார்.

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னேன். இப்போது எழுதும்போது, வேணாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

கேட்டேன். "போவோம்" என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

கேட்டேன். போவோம். ஏற்றத்தில் பாதி மண் கரைந்து ஓடிவிட்டது. ஊரார் கல்லும் மட்டையும் போட்டு நிரவியிருக்கிறார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

கேட்டேன். நான் அங்கன்வாடி முட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன், தப்புத் தப்பாக. பிறகு செருப்பைத் தேடினார். வாயால் சொல்லவில்லை என்றேன். "போவோம்" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

"வேணாம்" என்றார்.

ஒரு தடவைதான் கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ஜீப் சாவியை ஆணியில் மாட்டினேன். அங்கன்வாடிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். ஈஸ்வரி, இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே, போகலியா அக்கா என்று கேட்டாள். அவளிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்தால், வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கென்று வெயில். என்ன வேண்டும் என்றேன். கருவாட்டுக் குழம்பு கேட்டார். உப்பில்லாமல் வைத்தேன். அதைக் கருவாட்டுக் குழம்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட்டார். பழைய கதையெல்லாம் பேசினோம். சுகன்யா பிறந்தபோது ஓடைக்கு நடுவில் ஜீப் நின்றுபோய், தண்ணீருக்குள் இறங்கி நின்று அவர் கார்புரேட்டரைத் துடைத்தது, நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. சிரித்தோம். சிரித்துவிட்டு நான் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எடை கூடியிருக்கிறது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 8, சனி

விடிந்ததும் எழுப்பினார். மூச்சு வாங்கிற்று. "மணி, போவமா" என்று அவர்தான் கேட்டார்.

இன்று எங்கள் முறை இல்லை. சிஸ்டர் யார் யாரிடமோ பேசி இடம் வாங்கிக்கொடுத்தார். மெஷினுக்குப் போகுமுன் என் கையைப் பிடித்து, "நேத்து நல்லா இருந்துச்சு. ஆனா மூச்சு முட்டுறப்ப பயந்துட்டேன்" என்றார். ஜீப்பில் எந்தப் பள்ளத்தையும் பார்த்துப் பயந்தவர் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

போனோம். வந்தோம். காய்ச்சல் வருவதுபோல் இருக்கிறது எனக்கு. சுக்குக் கஷாயம் குடித்தேன். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

நவம்பர் 21, வெள்ளி

நேற்றுப் பகல் பூராவும் பெய்தது. காலையில் ஈஸ்வரி புருஷன் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஓடையில் தண்ணீர் தொடைக்கு இருக்கிறது, ஆனால் இழுப்பு குறைவு, தாண்டலாம் என்றார். அந்தப் பக்க இறக்கம்தான் மோசமாம். மலையோரத்து மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது பள்ளத்து ஓரம், ஒரு ஜீப் அகலம். ஆண்களே யோசிக்கணும் அக்கா என்றார்.

இவரிடம் கேட்டேன். "போவோம்" என்றார்.

அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டேன். அவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டேன், மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காதோ என்று. என்னையே பார்த்தார். "ஒனக்கு வேணாம்னு தோணுனா இருந்துருவோம்" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். சாவியை எடுக்கப் போன இடத்தில் எதற்கு வந்தேன் என்று மறந்து நின்றேன்.

ஓடையில் லோ செகண்டில் ஒரே சீராகப் போனேன். வண்டிக்குள் தண்ணீர் ஏறிப் பாதம் நனைந்தது. ஏற்றமும் ஏறிவிட்டோம். உச்சியில் நிறுத்தி இறக்கத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஃபர்ஸ்ட்டப் போட்டுட்டு ரெண்டு காலையும் எடுத்துரு. கிளட்ச் வேணாம், பிரேக் வேணாம். பின்னாடி வழுக்குச்சுன்னா லேசா ஆக்சிலேட்டர் குடு, நேரா வந்துரும். நடுவுல நிப்பாட்டாத. நிப்பாட்டுனா நிக்காது, ஓரத்துக்குப் போயிரும்" என்றார். சொல்லிவிட்டு எப்போதும்போல் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கினேன். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கியது. வலது பக்கம் பார்க்கவே இல்லை. மண் சரிவை உரசிக்கொண்டு முதல் வளைவைத் திரும்பும்போது, கம்பியைப் பிடித்திருந்த அவர் கை நழுவி மடியில் விழுந்தது. தலை பின்னால் சாய்ந்தது.

"என்னங்க" என்றேன். "என்னங்க, வளைவு வருது" என்றேன். தலை வண்டி ஆடுகிற பக்கமெல்லாம் ஆடியது.

கையை நீட்டித் தொட முடியவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஒரு கையை எடுத்தாலும் போய்விடுவோம். நிறுத்த முடியாது. மூச்சு வருகிறதா என்று காது கொடுத்தால் எஞ்சின் சத்தம்தான். கேட்டது நான்தானே, போவமா என்று கேட்டது நான்தானே என்று ஓடிக்கொண்டே இருந்தது மனசில். பின்பக்கம் ஒரு தடவை விலகிப் பள்ளத்துப் பக்கம் போயிற்று. பிரேக்குக்குப் போன காலைப் பிடித்து இழுத்ததுபோல் திருப்பி, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தேன். நேராக வந்தது. அவர் சொன்னபடியே வந்தது. அதை அவரிடம் சொன்னேன். கேட்கிறாரா இல்லையா என்று தெரியாமலே, வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்ப பாறை வருது, இப்ப இடது பக்கம் ஒடிக்கிறேன், இதோ முடியப் போகுது என்று. குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

கீழே பாறைத் தரை வந்ததும் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவர் கன்னத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. வாய் லேசாகத் திறந்து, சின்னதாகக் குறட்டை.

தூங்கியிருக்கிறார்.

இன்னொருத்தர் ஓட்டும் வண்டியில் இவர் கண் அசந்து நான் பார்த்ததே இல்லை. தங்கமாயன் ஓட்டும்போதெல்லாம் இவர் காலும் இந்தப் பக்கம் பிரேக் இருப்பதுபோல் தரையை மிதித்துக்கொண்டே வரும், பஸ்ஸில் போனாலும் அப்படித்தான். அந்த இறக்கத்தில், என் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சால்வையைச் சரிசெய்துவிட்டு, எழுப்பாமல் மெதுவாகவே ஓட்டினேன். தார் ரோட்டுக்கு வந்து, ஃபோர் வீலை எடுத்துவிட்டு, ஹப்பைத் திறக்க இறங்கும்போது வண்டி குலுங்கி விழித்துக்கொண்டார்.

"ஓட தாண்டியாச்சா?" என்றார்.

"எல்லாந் தாண்டியாச்சு."

ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப ஆஸ்பத்திரி வந்ததும் எழுப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.